இருண்ட ஆற்றல் இளைத்துக்கொண்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 19 அன்று டெசி என்ற ஆய்வுக் குழு தன் முதல் மூன்றாண்டுத் தரவை வைத்து ஒரு முடிவை வெளியிட்டது. அண்டத்தை வேகவேகமாக விரிய வைக்கும் இருண்ட ஆற்றல், காலப்போக்கில் மாறுவதுபோல் தெரிகிறது என்பது அந்த முடிவு. செய்தி நம் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் 'போல்' காணாமல் போய்விட்டது. 'ஐன்ஸ்டைன் தோற்றார்' என்றும் 'அண்டம் சுருங்கப்போகிறது' என்றும் காணொளிகள் சுற்றின. அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சமன்பாடுகள் இல்லை, எண்கள் உண்டு.

இருண்ட ஆற்றல் என்பது என்ன?

தெரியாத ஒன்றுக்கு வைத்த பெயர். அண்டம் விரிகிறது என்பது 1929-லேயே தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பொருளெல்லாம் ஒன்றையொன்று இழுப்பதால் அந்த விரிவு மெல்லத் தளர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எவ்வளவு தளர்கிறது என்று அளக்கப் போன இரண்டு குழுக்கள், தளரவே இல்லை, வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று 1998-ல் சொல்லிவிட்டன. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் இதற்காக 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய அண்டத்தின் மொத்த ஆற்றல் கணக்கில் இதன் பங்கு ஏறக்குறைய 68 சதவீதம். இருண்ட பொருள் 27 சதவீதம். நீங்கள், நான், காவிரி, சூரியன் எல்லாம் மீதி 5 சதவீதத்துக்குள் அடக்கம். இருண்ட பொருளையும் இருண்ட ஆற்றலையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது ஈர்ப்பால் இழுத்துச் சேர்க்கிறது, இரண்டாவது விரிவைத் தூண்டுகிறது.

அண்டம் விரிந்தால் எல்லாமே மாறத்தானே செய்யும்? 'மாறாத' இருண்ட ஆற்றல் என்றால் என்ன பொருள்?

சாம்பாரில் தண்ணீர் விட்டால் பருப்பு நீர்த்துப்போகும். அண்டம் விரியும்போது பொருளுக்கு நடப்பது அதுதான்: இடம் கூடுகிறது, சரக்கு அதேதான், அடர்த்தி குறைகிறது. இப்போது எத்தனை சொம்புத் தண்ணீர் விட்டாலும் கரிப்பு மட்டும் குறையாத ஓர் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கன மீட்டர் வெற்றிடத்திலும் அதே அளவு ஆற்றல், நேற்றும் இன்றும் நாளையும். ஐன்ஸ்டைன் 1917-ல் வேறொரு காரணத்துக்காகத் தன் சமன்பாட்டில் சேர்த்த 'அண்ட மாறிலி' இப்படித்தான் நடந்துகொள்ளும். இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அண்டவியல் மாதிரி இதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

இதைச் சோதிக்க இயற்பியலாளர்கள் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்: இருண்ட ஆற்றலின் அழுத்தத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண். ஆங்கில எழுத்தான டபிள்யூவால் அதைக் குறிப்பார்கள். அது சரியாக −1 என்றால் அண்ட மாறிலி. −0.8 என்பதுபோல் −1-க்கு மேலே இருந்தால், விரிய விரிய இருண்ட ஆற்றலும் மெல்ல நீர்க்கிறது என்று பொருள். −1-க்குக் கீழே போனால், விரிய விரிய அடர்த்தி ஏறுகிறது. இந்த மூன்றாவது வகை ஒரு தலைவலி, பின்னால் வருகிறேன்.

ஆக, கேள்வி இவ்வளவுதான்: அந்த எண் −1-தானா, எப்போதும் −1-தானா?

கண்ணுக்கே தெரியாத ஒன்றின் கடந்த காலத்தை எப்படி அளப்பது?

நேரடியாக முடியாது. அது அண்டத்தின் விரிவை என்ன செய்தது என்பதைத்தான் பார்க்க முடியும். தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. எனவே பல தொலைவுகளில், 'இங்கிருந்து எவ்வளவு தூரம்?', 'ஒளி புறப்பட்ட பிறகு அண்டம் எத்தனை மடங்கு விரிந்திருக்கிறது?' என்ற இரண்டையும் அளந்தால் விரிவின் வரலாறு கிடைத்துவிடும்.

இரண்டாவது எளிது. ஒளி வரும் வழியில் இடம் விரிய, அலைநீளமும் சேர்ந்து நீளும். ஆக்சிஜன் அயனிகள் வெளியிடும் ஒரு வரி ஆய்வகத்தில் 373 நானோமீட்டரில் இருக்கும். அதே வரி 746-ல் தென்பட்டால், அந்த ஒளி கிளம்பியதிலிருந்து அண்டம் இரண்டு மடங்காகிவிட்டது. இதுதான் செம்பெயர்ச்சி.

முதலாவதில்தான் முழு வம்பும்.

சரி, தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு வழிகள். ஒன்று, உண்மையான நீளம் தெரிந்த ஒரு பொருள் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று பார்ப்பது. இன்னொன்று, உண்மையான பிரகாசம் தெரிந்த ஒரு பொருள் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்ப்பது. டெசி முதல் வகை, சூப்பர்நோவாக்கள் எனப்படும் வெடித்துச் சிதறும் விண்மீன்கள் இரண்டாம் வகை.

டெசி பயன்படுத்தும் அளவுகோல் இயற்கையே செய்து வைத்தது. பெருவெடிப்புக்குப் பின் முதல் 3,80,000 ஆண்டுகளுக்கு அண்டம் சூடான, அடர்ந்த ஒரு குழம்பு. அதில் ஒளியும் பொருளும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. எங்கெல்லாம் கொஞ்சம் அடர்த்தி கூடியதோ அங்கிருந்தெல்லாம் ஒலியலை போன்ற அலைகள் வெளியே பரவின. குளத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கூழாங்கற்களை இறைத்தால் எழும் வளையங்கள் மாதிரி. அண்டம் ஆறியதும் ஒளி தனியே கழன்று ஓடிவிட்டது, அலைகள் அப்படியே நின்றுவிட்டன. குளம் திடீரென்று உறைந்துபோனதுபோல.

அந்த வளையங்களின் ஆரம் இன்றைய அளவில் சுமார் 49 கோடி ஒளியாண்டுகள். வளையத்தின் நடுவிலும் விளிம்பிலும் பொருள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தது, பின்னாளில் அங்கே விண்மீன் திரள்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தன. எனவே எந்த ஒரு திரளை எடுத்தாலும், அதிலிருந்து 49 கோடி ஒளியாண்டு தள்ளி இன்னொரு திரள் இருக்கும் வாய்ப்பு, மற்ற தூரங்களைவிடச் சற்று அதிகம். அந்தச் 'சற்று' மிக மிகக் கொஞ்சம். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் படத்தைப் பார்த்து எந்த மனிதனாலும் கண்டுபிடிக்க முடியாது. லட்சக்கணக்கான திரள்களின் இடத்தைக் குறித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடைத்தூரம் கணக்கிட்டு, அந்தப் பட்டியலில் ஒரு சிறு மேட்டைத் தேட வேண்டும். 2005-ல்தான் முதன்முதலில் அந்த மேடு பிடிபட்டது.

அந்த டெசி எங்கே இருக்கிறது? எப்படி வேலை செய்கிறது?

அரிசோனாவின் கிட் பீக் மலை உச்சியில். அந்த மலை தோஹோனோ ஓதாம் என்ற பூர்வகுடி மக்களின் நிலம், அவர்களுக்குப் புனிதமான மலை. அங்கே 1970-களிலிருந்து இயங்கும் மேயால் என்ற 4 மீட்டர் தொலைநோக்கியில்தான் டெசி கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். நடத்துவது கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அந்தக் கருவிதான். தொலைநோக்கியின் குவியத்தில் ஒரு வட்டத் தட்டு. பீட்சா போல 10 துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் 500 விரல் அளவு ரோபோக்கள், ஆக மொத்தம் 5,000. ஒவ்வொரு ரோபோவும் தலைமுடியைவிட சற்றே தடித்த ஓர் ஒளியிழையின் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வானத்தின் ஒரு பகுதியை நோக்கித் தொலைநோக்கி திரும்பியதும், எந்த இழை எந்தத் திரளுக்கு என்று முன்பே போட்டுவைத்த பட்டியல்படி 5,000 ரோபோக்களும் ஒரே நேரத்தில் நகர்ந்து, தத்தம் இலக்கின் ஒளி விழும் புள்ளியில் இழையை நிறுத்துகின்றன. ஒளி இழை வழியே இறங்கி, கீழே ஓர் அறையில், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவுசெய்யும் 10 நிறமாலைமானிகளுக்குப் போகிறது. சுமார் இருபது நிமிடத்தில் 5,000 நிறமாலைகள். அடுத்த இடம். ஒரு காலத்தில் ஒவ்வொரு திரளுக்கும் உலோகத் தகட்டில் துளைபோட்டு, கையால் இழை செருகிய வேலை இது.

2021 மே மாதம் முழு அளவில் தொடங்கினார்கள். 2022 ஜூனில் காட்டுத்தீ மலையுச்சி வரை ஏறி வந்தது. சில கட்டடங்கள் எரிந்தன, தொலைநோக்கி தப்பித்தது. ஆனால் மின்சாரமும் இணையமும் திரும்பி, வேலை தொடரச் சில மாதங்களாகின. அதையும் மீறி மூன்றாண்டுத் தரவில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட திரள்களும், மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரத் திரள் மையங்களான குவாசர்களும் சேர்ந்துவிட்டன. மிகத் தொலைவுக்கு, திரள்களுக்குப் பதிலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குவாசர்களின் ஒளியில் இடையே உள்ள ஹைட்ரஜன் மேகங்கள் போட்ட நிழலை வைத்தே அதே அளவுகோலைக் கண்டுபிடிக்கிறார்கள். மொத்தத்தில் 1,100 கோடி ஆண்டு வரலாறு. அண்டத்தின் வயதே 1,380 கோடி.

சூப்பர்நோவாவின் உண்மையான பிரகாசம் எப்படித் தெரியும்?

இங்கே நம் ஊர் ஆள் ஒருவர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு: வெள்ளைக் குள்ளன் எனப்படும் செத்துப்போன விண்மீன், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது. 'ஒன்று-ஏ வகை' சூப்பர்நோவாக்கள் வெள்ளைக் குள்ளன்கள் வெடிப்பவை. எல்லாமே அந்த வரம்பைத் தொட்ட பிறகுதான் வெடிக்கின்றன என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனாலும் இவை பிரகாசத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. மெதுவாக மங்குபவை கூடுதல் பிரகாசம் என்பதுபோன்ற சில திருத்தங்களைச் செய்துவிட்டால் நல்ல தூரமானிகள்.

'திருத்தங்கள்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் டெசி, இருண்ட ஆற்றல் மாறுவதைப் பார்த்துவிட்டதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டெசியின் தரவை மட்டும் தனியாக எடுத்தால், மாறாத இருண்ட ஆற்றலோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. அண்ட நுண்ணலைப் பின்னணியை, அதாவது அந்த 3,80,000 ஆண்டில் கழன்று ஓடிய ஒளியைப் பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததைத் தனியாக எடுத்தாலும் ஒத்துப்போகிறது. சூப்பர்நோவாக்களும் தனியாக எடுத்தால் அப்படித்தான். மூன்றையும் ஒரே மேசையில் வைக்கும்போதுதான் சிக்கல்.

ஒரே காய்கறிப் பையை மூன்று கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுபோல. இருண்ட ஆற்றல் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, 'அண்டத்தில் பொருளின் பங்கு எத்தனை சதவீதம்?' என்று மூன்றிடமும் கேட்டால்: டெசி, 30-க்குச் சற்றுக் கீழே என்கிறது. நுண்ணலைப் பின்னணி, 31-க்கும் 32-க்கும் நடுவே என்கிறது. சூப்பர்நோவாக்கள், எந்தத் தொகுப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 33 முதல் 36 வரை சொல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிழை வரம்பு உண்டு. டெசிக்கு ஏறத்தாழ 0.9, சூப்பர்நோவாக்களுக்கு ஒன்றரை முதல் மூன்று வரை. எந்த இரண்டும் பயங்கரமாகச் சண்டை போடவில்லை, ஆனால் மூன்றும் ஒரே எண்ணில் உட்கார மறுக்கின்றன.

இப்போது இருண்ட ஆற்றல் மாறலாம் என்று விட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணுக்கு வந்துவிடுகின்றன. அப்படி வர, இருண்ட ஆற்றல் முன்பு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, அண்மைக் காலத்தில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் திருப்பம் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியன் பிறந்த காலத்தை ஒட்டி. 'இருண்ட ஆற்றல் பலவீனமடைகிறது' என்ற தலைப்புச் செய்தி இதிலிருந்து வந்ததுதான்.

ஆக, சொல்லப்படுவது 'மாற்றத்தைப் பார்த்தோம்' அல்ல. 'மாற்றம் இருந்தால் மூன்று தராசும் ஒத்துப்போகும்' என்பதுதான். ஒரு தராசு பழுது என்றாலும் இதே நிலைமை வரும் என்பது எந்த மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும்.

எவ்வளவு உறுதி? 4.2 சிக்மா என்றார்களே?

ஒரு முடிவு வெறும் தற்செயலாக இருக்க எவ்வளவு வாய்ப்புக் குறைவு என்பதன் அளவுதான் சிக்மா. 4.2 என்பது நான்கு எண்களில் பெரியது. டெசியோடு நுண்ணலைப் பின்னணியை மட்டும் சேர்த்தால் 3.1 சிக்மா. கூடவே பாந்தியன் பிளஸ் என்ற சூப்பர்நோவா தொகுப்பைச் சேர்த்தால் 2.8. யூனியன் 3 என்ற தொகுப்பு என்றால் 3.8. இருண்ட ஆற்றல் கணக்கெடுப்பு என்ற குழுவின் ஐந்தாண்டுத் தொகுப்பு என்றால் 4.2. எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதை வைத்தே விடை இவ்வளவு ஆடுகிறது என்றால், பிரச்சினை அண்டத்திலா தொகுப்பிலா என்ற சந்தேகம் நியாயமானது. பாந்தியனும் யூனியனும் பெரும்பாலும் ஒரே வெடிப்புகளை வேறு வேறு முறையில் அலசியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3 சிக்மா என்றால் தற்செயலாக இப்படி வர ஏறக்குறைய 0.3 சதவீத வாய்ப்பு. இயற்பியலில் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல 5 சிக்மா கேட்பார்கள், அதாவது சுமார் 35 லட்சத்தில் ஒன்று. இந்தக் கறாருக்குக் காரணம் பட்ட அனுபவம். 2011-ல் இத்தாலியில் நியூட்ரினோக்கள் ஒளியை முந்திவிட்டதாக வந்த அளவீடு 6 சிக்மா. கடைசியில் பார்த்தால், ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை. சிக்மா என்பது தற்செயலை மட்டும்தான் அளக்கும். கருவியின் பழுதை அளக்காது.

தராசு பழுது என்றால், எது பழுதாக இருக்கலாம்?

முதல் சந்தேகம் சூப்பர்நோவாக்கள்மேல். தொலைவில் உள்ள வெடிப்புகளை ஒரே நவீனத் தொலைநோக்கி பார்த்திருக்கும், அருகில் உள்ளவை பல பத்தாண்டுகளாகப் பல கருவிகளில், பல வடிகட்டிகளில் சேர்த்தவை. இருண்ட ஆற்றல் மாறுகிறதா என்ற கேள்விக்கான பதிலோ, அருகில் உள்ளவற்றையும் தொலைவில் உள்ளவற்றையும் ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் எஃப்ஸ்டாதியூ 2024-ல் இதைச் சுட்டிக்காட்டினார்: பாந்தியன் பிளஸ், இருண்ட ஆற்றல் கணக்கெடுப்பு என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கும் அதே வெடிப்புகளை ஒப்பிட்டால், அருகிலும் தொலைவிலும் இடையே சுமார் 0.04 பருமன் வித்தியாசம் வருகிறது. 0.04 பருமன் என்றால் பிரகாசத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு பல்பு 100 வாட்டா 96 வாட்டா என்று பல கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து கேட்கிற கேள்வி. அந்த நாலு சதவீதம்தான் மாறும் இருண்ட ஆற்றலுக்கும் மாறாததற்கும் இடையே நிற்கிறது.

கணக்கெடுப்புக் குழு இதற்குப் பதிலளித்தது: பெரும்பகுதி வித்தியாசம் தாங்கள் செய்த மேம்பட்ட திருத்தங்களால் வந்தது, தவறு அல்ல என்றது. பிறகு 2025 இறுதியில் அதே குழு தன் அளவுத்திருத்தத்தை முழுக்க மறுபடி செய்து பார்த்தது. 4.2 சிக்மா, 3.2 ஆக இறங்கியது. சமிக்ஞை மறையவும் இல்லை, உறுதியாகவும் இல்லை. தங்கள் பரபரப்பான எண்ணைத் தாங்களே குறைத்து வெளியிட்டார்கள் என்பதற்கு நான் தனியாக மதிப்பெண் போடுவேன்.

இரண்டாவது, நுண்ணலைப் பின்னணி. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது வெளிப்பட்ட எலக்ட்ரான்கள், அந்தப் பழைய ஒளியைக் கொஞ்சம் சிதறடித்தன. பிளாங்க் அளந்தபடி சுமார் 5 சதவீதம். அது 9 சதவீதத்தை ஒட்டி இருந்தால் டெசிக்கும் நுண்ணலைக்கும் இடையிலான உரசல் பெருமளவு அடங்கிவிடும். ஆனால் பிளாங்கின் அளவீடு அவ்வளவு தூரம் தவறியிருக்கும் என்று நம்புவதும் சுலபமல்ல.

மூன்றாவது, டெசியே. முதலாண்டுத் தரவில் ஓரிரு தொலைவுகளில் புள்ளிகள் கொஞ்சம் விலகி நின்றன, 'அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலரும் எழுதினார்கள். மூன்றாண்டுத் தரவில் அந்தப் புள்ளிகள் சாதுவாகிவிட்டன, ஆனால் மொத்தச் சமிக்ஞை 2.6-லிருந்து 3.1 சிக்மாவுக்குக் கூடியது. மூன்று தராசில் நான் குறைவாகச் சந்தேகிப்பது இதைத்தான்.

விஞ்ஞானிகள் தங்களுக்குப் பிடித்த விடையை நோக்கித் தரவை வளைத்திருக்க மாட்டார்களா?

அதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலாண்டுத் தரவை அலசும்போது, குழுவுக்குக் கொடுத்த பட்டியலில் திரள்களின் செம்பெயர்ச்சிகள் ரகசிய அளவில் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டிருந்தன. உண்மையான விடை யாருக்கும் தெரியாது. எல்லா முறைகளையும் சோதித்து, 'இனி மாற்றமாட்டோம்' என்று பூட்டிய பிறகுதான் திரையை விலக்கினார்கள். விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்துத் திருத்துவது மாதிரி.

இருண்ட ஆற்றல் நேர்கோட்டில்தான் மாறவேண்டுமா? அந்த அனுமானமே தவறாக இருந்தால்?

நல்ல கேள்வி. டெசி குழு முதன்மையாகப் பயன்படுத்தியது இரண்டே எண்கள் கொண்ட ஒரு வடிவம்: நான் மேலே சொன்ன டபிள்யூ இன்று எவ்வளவு, அண்டத்தின் அளவு மாற மாற அது எவ்வளவு மாறுகிறது. இந்த வடிவத்துக்கு எந்த ஆழமான இயற்பியல் காரணமும் இல்லை. எளிது, அவ்வளவுதான். பாந்தியன் தொகுப்போடு சேர்த்தால் இன்றைய மதிப்பு சுமார் −0.84, மாறாதது என்றால் −1 வந்திருக்க வேண்டும்.

வடிவம் எதையும் திணிக்காமல் சோதிக்கவும் வழிகள் உண்டு. அதில் ஒன்றில் புனேயின் அயூகா வானியல் மையத்துக்குப் பங்குண்டு. 2008-ல் வருண் சாஹ்னி, அர்மான் ஷஃபிலூ, ரஷ்யாவின் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி மூவரும் முன்வைத்த 'ஓம்' சோதனை அது. விரிவு வேகத்தை மட்டும் வைத்து ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். இருண்ட ஆற்றல் மாறாதது என்றால் எந்தக் காலத்திலும் அந்த எண் ஒன்றேதான் வரும். ஏறி இறங்கினால் ஏதோ மாறுகிறது. டெசி தரவையும் இத்தகைய வழிகளில் அலசிப் பார்த்திருக்கிறார்கள், போக்கு ஏறக்குறைய அதேதான் வருகிறது.

'−1-க்குக் கீழே' போனால் தலைவலி என்றீர்களே?

நேர்கோட்டு வடிவத்தை அப்படியே நம்பினால், டபிள்யூ ஒரு காலத்தில் −1-க்குக் கீழே இருந்து, பிறகு −1-ஐக் கடந்து மேலே வந்திருக்கிறது. கீழே இருக்கும் நிலைக்கு 'பேய் ஆற்றல்' என்று பெயர். பேய் என்றது கோட்பாட்டாளர்களின் பயத்தைச் சொல்கிறது. இடம் விரிய விரிய அடர்த்தி ஏறும் ஒரு சாதாரணப் புலத்தை எழுதப்போனால், அது நிலையில்லாமல் சரிந்துவிடும். 1988-ல் பரத் ராத்ராவும் ஜிம் பீபிள்ஸும் முன்வைத்த மெல்ல உருளும் புலம் போன்ற எளிய மாதிரிகள் −1-க்கு மேலேதான் இருக்கும், எல்லையைத் தாண்டாது.

எனவே இப்போது கட்டுரைகள் மழையாகப் பொழிகின்றன. இருண்ட ஆற்றல் இருண்ட பொருளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்கிறது, அதனால் பேய்போல் தெரிகிறது என்கிறார்கள் சிலர். ஈர்ப்புக் கோட்பாட்டையே திருத்தவேண்டும் என்கிறார்கள் சிலர். பேயே இல்லை, தரவு −1-க்கு மேலே உள்ள எளிய மாதிரிகளையும் கிட்டத்தட்ட அதே அளவு தாங்குகிறது என்று சிலர். என் எண்ணம்: 5 சிக்மா வருவதற்கு முன்பே பேயோட்டியைக் கூப்பிட வேண்டாம்.

நியூட்ரினோவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தேனி பொட்டிப்புரம் சர்ச்சையால் நம்மிடையே பேர்வாங்கிய அதே துகள்தான். நியூட்ரினோக்களுக்குச் சிறு நிறை உண்டு. மூன்று வகைகளின் நிறைகளின் கூட்டுத்தொகை குறைந்தது 0.059 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) இருக்கவேண்டும் என்று பூமியில் நடந்த சோதனைகள் சொல்கின்றன. மாறாத இருண்ட ஆற்றலோடு டெசியையும் நுண்ணலைப் பின்னணியையும் சேர்த்தால், அந்தக் கூட்டுத்தொகை 0.064-க்கு மேல் போகக்கூடாது என்று வருகிறது. கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவே நுழையவே இடமில்லை. இருண்ட ஆற்றல் மாறலாம் என்று விட்டால் மேல்வரம்பு 0.16-க்கு உயர்ந்து, மூச்சுவிட இடம் கிடைக்கிறது. சூப்பர்நோவாக்களே இல்லாமல் வரும் துப்பு என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹபிள் முரண்பாடு இதனால் தீருமா?

தீராது. அருகிலுள்ள விண்மீன்களை வைத்து அளந்தால் இன்றைய விரிவு வேகம் (ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்) 73, நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் 67 என்று வருகிறதே, அந்த இடைவெளி அப்படியே இருக்கும். இருண்ட ஆற்றல் பலவீனமடைகிறது என்று வைத்தால் சில கூட்டுகளில் 66 வரை இறங்கி, நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகிறது.

அண்டம் சுருங்கி முடிந்துவிடுமா?

இந்தத் தரவு அதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை அளந்திருக்கிறார்கள். முன்னால் நடப்பதற்கு அதே கோட்டை நீட்டி ஆரூடம் சொல்வது, ஐந்து ஓவர் ரன் விகிதத்தை வைத்து டெஸ்ட் மேட்ச் முடிவைச் சொல்வதுபோல.

ஐன்ஸ்டைன் தோற்றாரா?

அவருடைய ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்துத்தான் இத்தனை கணக்கும் போட்டிருக்கிறார்கள். அண்ட மாறிலியை அவரே பின்னாளில் கைவிட்டுவிட்டார், அது மாறினால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

எப்போது முடிவு தெரியும்?

டெசியின் மிச்சத் தரவு இன்னும் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட், திரள்களின் வடிவத்தையும் பரவலையும் விண்வெளியிலிருந்து பதிவுசெய்கிறது. அதன் முதல் பெரிய அண்டவியல் தரவை 2026 அக்டோபரில் வெளியிடத் திட்டம். நாசாவின் ரோமன் தொலைநோக்கியும் வரிசையில் நிற்கிறது.

ஆனால் நான் கண் வைத்திருப்பது சூப்பர்நோவாக்கள்மேல், அதுவும் அருகில் உள்ளவைமேல். முன்பு சொன்ன அந்த 4 சதவீதச் சிக்கல் தீர, அருகிலுள்ள வெடிப்புகளையும் ஒரே கருவியில் ஒரே முறையில் பிடிக்கவேண்டும். கலிஃபோர்னியாவின் பாலமார் மலையிலிருந்து இயங்கும் ஸ்விக்கி கணக்கெடுப்பு 3,600-க்கும் மேற்பட்டவற்றை அப்படிப் பிடித்து 2025-ல் வெளியிட்டிருக்கிறது. சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களைத் தந்த ரூபின் ஆய்வகம், அருகிலும் தொலைவிலும் ஒரே கேமராவால் பார்க்கும், பத்தாண்டுகளுக்கு. அந்தத் தொகுப்பிலும் சூப்பர்நோவாக்கள் சொல்லும் பொருளின் பங்கு 35 சதவீதத்தைச் சுற்றியே நின்றால் கதை மாறிவிடும். 31-க்கு இறங்கிவந்தால் சூப்பர்நோவா வழியாக வந்த சிக்மாக்கள் பெருமளவு கரைந்துவிடும், டெசிக்கும் நுண்ணலைக்கும் இடையிலான உரசல் மட்டும் மிஞ்சும்.

நான் கல்லூரி மாணவன். இந்தத் தரவை நானே பார்க்க முடியுமா?

முடியும். டெசியின் முதலாண்டுத் தரவு, கிட்டத்தட்ட 1.87 கோடி பொருள்களின் நிறமாலைகள், 2025 மார்ச்சிலேயே பொதுவில் வைக்கப்பட்டுவிட்டன. மொத்தம் 270 டெராபைட், அதை இறக்க முயன்று விடுதியின் வைஃபையைச் சாகடிக்க வேண்டாம்.

தேவையும் இல்லை. மூன்றாண்டு ஆய்வின் தொலைவு அளவீடுகள் எல்லாம் சேர்ந்து 13 எண்கள்தான், கட்டுரையிலேயே ஒரு சிறு அட்டவணையாக இருக்கின்றன. 1.4 கோடித் திரள்களும் 5,000 ரோபோக்களும் ஒரு காட்டுத்தீயும் அந்தப் பதின்மூன்றில் அடங்கிவிட்டன. முதல் எண் 7.942, பிழை 0.075: செம்பெயர்ச்சி 0.295-ல், அதாவது ஒளி கிளம்பி 340 கோடி ஆண்டு ஆன இடத்துக்கு, அந்த உறைந்த வளையத்தின் ஆரத்தால் அளந்தால் ஏறக்குறைய எட்டு அளவுகோல் தூரம். பைதானில் ஐம்பது வரி எழுதத் தெரிந்தால் ஒரு மாலைக்குள் பொருளின் பங்கை நீங்களே கணக்கிட்டுவிடலாம். 29-க்கும் 31-க்கும் இடையே வந்தால் உங்கள் நிரல் சரி. 35 வந்தால் முதலில் அலகுகளைச் சரிபாருங்கள். கிலோமீட்டரையும் மெகாபார்செக்கையும் நானும் ஒருமுறை குழப்பிக்கொண்டு, அரை மணி நேரம் புது இயற்பியல் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்திருக்கிறேன்.